காற்றுக் கசியாத தோல்

அறுபத்து நான்கு சென்டிமீட்டர் இருக்க வேண்டியது அறுபத்தேழு இருந்தது.

செம்பியன் நாடாவைத் தளர்த்தி மறுபடியும் சுற்றினான். அருள்மொழியின் தையல் டப்பாவில் கிடந்த நாடா. ஓரம் நைந்து, முதல் இரண்டு எண்கள் அழிந்துபோனது. பத்து நாட்களாகக் காலையில் எழுந்ததும் அளக்கிறான். பத்து நாளும் அறுபத்து நான்குதான். ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை. அவனுக்கு மிச்சமிருந்த நிம்மதி அது ஒன்றுதான்.

சூடேறினால் காற்று விரியும். சிதம்பரத்தில் மூன்று வருடம் பிஸிக்ஸ் படித்தவன் அவன். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். மூன்று சென்டிமீட்டர் கூடுவதற்கு இந்த அறை நேற்றைவிட நாற்பத்து நாலு டிகிரி சூடாகியிருக்க வேண்டும். மார்கழிக் கடைசி. ஜன்னல் கம்பி கையில் சில்லென்று பட்டது.

கொசுவலைக்குள், அவள் தலை வைத்து வைத்துப் பள்ளம் விழுந்த தலையணையில், அது உட்கார்ந்திருந்தது. சின்னப் பூசணிக்காய் அளவு உருண்டை. டிகாக்‌ஷன் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும் தோல். உள்ளே, அடியில், வாடிய ஒரு மஞ்சள் பலூன், திராட்சை வற்றலைப்போல் சுருங்கிக் கிடந்தது.

அவன் வலையை இறக்கிவிட்டு மெத்தைக்கடியில் செருகினான்.

செல்போன் அடித்தது. நேற்றுத் தபால் நிலையத்தில் சார்ஜ் போட்டது. இன்னும் ஒரு கோடு மிச்சமிருந்தது. புயல் அடித்துப் பதினைந்து நாளாகியும் கடலூர் ஓல்டு டவுனில் இவன் தெருவுக்கு மட்டும் கரண்ட் வரவில்லை. டிரான்ஸ்பார்மரே சாய்ந்து கிடந்தது.

"மாமா, செந்தமிழ் பேசறேன்." அருள்மொழியின் தம்பி, சிதம்பரத்திலிருந்து. "சாயங்காலம் வண்டி எடுத்துக்கிட்டு வந்துடறேன். ரெடியா இருங்க. நாளைக்குக் காரியத்துக்கு ஐயர் ஏழு மணிக்கே வந்துருவாராம்."

"சரி."

"அக்கா பொடவ ஒண்ணு எடுத்துக்குங்க, படைக்கறதுக்கு. அந்த ஓட்ட இரும்பு, ஓட்ட ஸ்பூனெல்லாம் மூட்ட கட்டிக்கிட்டு வந்துடாதீங்க மாமா, அம்மா திட்டும்." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "மாமா... அக்கா கடைசியா எதுனா சொல்லுச்சா? அம்மா கேட்டுக்கிட்டே இருக்குது."

"இல்ல. தூக்கத்துலயே போயிட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அது போதும் மாமா. நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல, அது போதும்."

போனை வைத்தான். இந்த வாக்கியத்தை இருபது பேரிடமாவது சொல்லியிருப்பான். சொல்லச் சொல்ல வழவழப்பாகிவிட்டது, வாயில் எங்கேயும் உறுத்துவதில்லை.

அவன் ஆகாயக் கப்பல் சாமான்கள் சேர்ப்பவன். தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவனுக்கு அது ஒரு பழைய உறையில் தொடங்கியது. ஆகாயக் கப்பலில் வந்த கடிதம் என்று ஊதா முத்திரை குத்திய உறை. விமானங்கள் கடல் தாண்டப் பழகுவதற்கு முன்னால், கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஹைட்ரஜனைப் பைபையாக அடைத்து, அதன் வயிற்றுக்குள் சாப்பாட்டு அறையும் படுக்கை அறையும் கட்டி மனிதர்கள் பறந்த காலம் ஒன்று இருந்தது. எரிந்தவை போக, உடைத்து உருக்கியவை போக, உலகத்தில் மிச்சம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் எட்டு உருப்படிகள் இந்த மாடி வீட்டின் சின்ன அறையில், ஒரு மர ஷெல்பில் இருந்தன. சாப்பாட்டுப் பட்டியல் அட்டை. வட்டவட்டமாகத் துளையிட்ட உலோகத் துண்டு, காகிதம்போல் எடை இல்லாதது. கைப்பிடியில் கப்பல் பொறித்த ஒரு வெள்ளி ஸ்பூன்.

ஸ்பூனை மட்டும் அருள்மொழி எடுத்துக்கொண்டுவிட்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இரைப்பு. சிரப் குடிக்க அந்த ஸ்பூன்தான் வேண்டும் என்பாள். "கப்பல் ஸ்பூன்ல குடிச்சா சளி தானா மேல போயிடும்." கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு அடக்கி வைத்திருப்பாள்; அவள் பக்கத்தில் வந்தால் முதலில் வருவது அந்த வாசனை.

ஒன்பதாவது உருப்படி அவளால் கிடைத்தது. ஐப்பசி மழையில் இருவரும் சிதம்பரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, நாலு வீடு தள்ளியிருந்த லூர்துசாமி வீட்டுக்கு அவளே அழைத்துப்போனாள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பரணிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினார்.

"எங்க தாத்தா கராச்சிக்கு வேலைக்குப் போனவரு தம்பி. கப்பல உள்ள வுட்டு நிறுத்தறதுக்கு மல மாதிரி கொட்டாய் போட்டானுங்க. கப்பலு வர்ற வழியிலயே எரிஞ்சு போச்சு. கொட்டாய் காலியா நின்னுது. தாத்தா டப்பாவத் தூக்கிக்கிட்டு ஊரு வந்து சேந்துட்டாரு."

மூடியைத் திறந்தார். பழைய மெழுகும் காய்ந்த கருவாடும் கலந்த வாசனை. உள்ளே தாள் தாளாக மடித்த தோல்.

"ஒட்டுப் போடறதுக்கு வெச்சிருந்ததாம். எண்பது வருசமாக் கெடக்குது. ஒரு எலி கடிக்கல. ஒரு கரையான் ஏறல. தூக்கிக்கிட்டுப் போங்க, எனக்கும் அத மேல வெச்சுக்கிட்டுக் கீழ படுக்க ஒரு மாதிரியாத்தான் இருக்குது."

"என்னா தோலுங்க இது?" என்றாள் அருள்மொழி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"மாட்டுக் கொடலு சவ்வு," என்றான் செம்பியன்.

"ஐயய்யோ. மாட்டுக் கொடலுக்குள்ள ஒக்காந்துக்கிட்டா தொரைங்க பறந்தானுங்க?" லூர்துசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குச் சொன்னான். அவன் அதிகம் பேசுபவன் இல்லை, அன்று பேசினான். ரப்பருக்குள் அடைத்த காற்று நாளுக்கு நாள் கசிந்துவிடும். இந்தச் சவ்வில் கசியாது. அதனால்தான் லட்சக்கணக்கான மாடுகளின் குடலை உரித்து ஒரு கப்பலுக்குப் பை செய்தார்கள். ஊசி இல்லை, பசை இல்லை. ஈரமாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் போதும், தானாகக் கூடிக்கொள்ளும். காய்ந்தபின் ஒட்டு எங்கே என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"செத்த தோலா கூடிக்குது?" என்றாள் அவள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிசம்பர் இருபத்தொன்பது மாலை, புயல் வருகிறதென்று வாசல் மாமரம் குலுங்கிக்கொண்டிருக்கும்போது, அவள் கட்டிலில் உட்கார்ந்து பலூன் ஊதினாள். நுரையீரலுக்குப் பயிற்சி; டாக்டர் சொன்னது. பத்து ஊதல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி, மூச்சை இழுத்து, அடுத்தது. எண்ணுவது அவன் வேலை. பத்தாவதுக்குத் தோள் இரண்டும் ஏறி இறங்கின. முடிச்சுப் போட்டு அவன் மேல் வீசினாள்.

"இந்தாங்க, ஒங்க கப்பல்ல ஏத்திக்குங்க."

விடியற்காலை கரண்ட் போனது. அவள் முகத்தில் மாஸ்க்கோடு, மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் ஓடிக்கொண்டிருந்தது. அது அப்படியே அணைந்தது. அதே நேரம் சின்ன அறையில் ஓடு பறந்து, ஷெல்பின் மேல் மழை கொட்டியது. அவன் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உறைகளை இறக்கினான். அட்டையை இறக்கினான். பக்கத்து அறையில் அவள் ஸ்பூனால் இரும்புக் கட்டிலைத் தட்டினாள். கூப்பிட மூச்சு இல்லாவிட்டால் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். டங், டங், டங்.

"ரெண்டு நிமிஷம்," என்று கத்தினான்.

தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் டப்பாவை இறக்கினான். தார்ப்பாயின் நான்கு மூலையையும் கட்டினான். நான்காவது மூலையைக் கட்டும்போது சத்தம் நின்றிருந்தது. சரி, இரைப்பு அடங்கிவிட்டது என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தான்.

தகனம் முடிந்து வந்து குளித்தபின், கட்டிலுக்கடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பலூன். விம்மிக்கொண்டு, முழுசாக. அவளிடமிருந்து வந்த பத்து மூச்சும் அதற்குள் இருந்தது. நாலாம் நாள் அழுத்திப் பார்த்தபோது கொஞ்சம் தொய்ந்திருந்தது. அவள் கசிந்துகொண்டிருந்தாள்.

அவன் யோசிக்கவில்லை. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அவள் பித்தவெடிப்புக்குப் போடும் கிளிசரினைக் கலந்து, தோலை ஊறவைத்தான். ஈரத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலூனைச் சுற்றி மூடினான். கடைசித் தாள்வரை. விரல்களில் ஒட்டிக்கொண்டு விட மறுத்தது. இடது கட்டைவிரலின் மேல்தோல் கொஞ்சம் பிய்ந்து அதோடு போய்விட்டது. மறுநாள் அந்த இடத்தைத் தேடினான். காணவில்லை. கூடிக்கொண்டுவிட்டது.

இனி ரப்பர் எவ்வளவு கசிந்தாலும் தோலுக்குள்தான் இருக்கும். அறுபத்து நான்கு.

பதினோரு மணிக்குக் கீழ்வீட்டுப் புஷ்பவள்ளி குடத்தையும் சாப்பாட்டுத் தூக்கையும் கொண்டுவந்து படியில் வைத்தாள். வீட்டுக்காரி. மேலே ஏறி வரமாட்டாள், முழங்கால் வலி.

"இன்னைக்கு அரைக் கொடந்தான் தம்பி. பம்புல கூட்டம் ஜாஸ்தி." போகத் திரும்பியவள் நின்றாள். "ஏன் தம்பி, ராத்திரி எதுனா வேணும்னா ஒரு கொரலு குடுக்கக் கூடாதா? அப்பிடியா கட்டில போட்டுத் தட்டுவீங்க? டங்கு டங்குன்னு, பொழுது விடியற மட்டும்."

"நான் தட்டலக்கா."

"பின்ன யாரு? புயலு அன்னைக்கும் இதே சத்தந்தான். ரொம்ப நேரம் கேட்டுது. ஏதோ ஜன்னலு அடிச்சுக்குதுன்னு நானும் படுத்துட்டேன்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்க அந்தப் புள்ள பக்கத்துலதான இருந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

வார்த்தை இந்த முறை வாயில் உறுத்தியது.

ஸ்பூன் கட்டிலின் தலைமாட்டுக் கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில், அவள் கையிலிருந்து நழுவிய இடத்திலேயே கிடந்தது. அவன் அதைத் தொட்டதில்லை. நெபுலைசரும் அதே ஸ்டூலில், பிளக் மாட்டியபடி, சுவிட்ச் போட்டபடி. அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் தெரு அடங்கியது. விழுந்த மரங்களை அறுக்கிற மெஷின் சத்தம் தூரத்தில் தேய்ந்து நின்றது. மாமரம் இல்லாத ஜன்னலில் வெள்ளையாக வானம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, மின்விசிறி ஓடாத, ரேடியோ பாடாத, இலை என்று ஒன்று அசைவதற்கே இல்லாத அந்த வீட்டில் செம்பியன் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, கொசுவலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுவாத தாம்பாளத்தின் கவிச்சையும், ஈரம் காயாத சுவரின் பூஞ்சை வாசனையும், நேற்றைய மெழுகுவர்த்தியின் கருகலும் அசையாமல் அவன்மேல் உட்கார்ந்திருந்தன. முதலில் கண் ஏமாற்றுகிறது என்றுதான் நினைத்தான். வலை மெல்ல உள்பக்கம் குழிந்தது. நின்றது. மெல்ல வெளியே தளர்ந்தது.

மறுபடி குழிந்தது.

எழுந்து ஜன்னலைச் சாத்தினான். கதவைச் சாத்தினான். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். சுடர் நிமிர்ந்து நின்றது. பிறகு வளைந்து கட்டில் பக்கம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. அவன் வாட்சைப் பார்த்து எண்ணினான். நிமிடத்துக்கு முப்பது. அவளுக்கு இரைப்பு ஏறும்போது முப்பது இருக்கும்.

வலையைத் தூக்கி நாடாவை வைத்தான். எழுபது. எடுப்பதற்குள் அறுபத்தெட்டு. மறுபடி எழுபது.

அவனுக்குப் பயம் வரவில்லை. அதுதான் அவனுக்கே விசித்திரமாக இருந்தது. பதினைந்து நாட்களாக எதுவும் வரவில்லை, அழுகை, பசி, எதுவும். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தான். அவன் மூச்சும் முப்பதில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்தான். முடியவில்லை. அது இழுக்கும்போது இவன் மார்பில் இருந்ததும் போனது. அது விடும்போது இவனுக்குக் கொஞ்சம் கிடைத்தது.

கொஞ்சம்தான்.

வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. சிதம்பரம் போய்விடலாம், பஸ் பிடித்து, செந்தமிழ் வருவதற்கு முன்பே. படியில் இறங்கினால் போதும். வாசல்வரை நடந்தான். அங்கே நின்றபோது தோல் காய்கிறதே என்ற நினைப்பு வந்தது. தினமும் காலையில் ஈரத்துணியால் ஒற்றியெடுப்பான். இன்று அளந்த பதற்றத்தில் மறந்துவிட்டான். காய்ந்தால் வெடித்துவிடும்.

அரைக் குடம் படியிலேயே இருந்தது. சாய்ந்து, காலியாக. படியெல்லாம் ஈரம். காக்கையோ பூனையோ தட்டிவிட்டிருக்க வேண்டும். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே வந்தான்.

ஆறு மணிக்கு இருட்டத் தொடங்கியது. ஒரு துண்டுத் தோல் மிச்சமிருந்தால் ஒட்டுக்கு ஆகும் என்று சின்ன அறைக்குப் போனான். தார்ப்பாயை அவிழ்த்தான். டப்பாவை எடுத்து மூடியைத் திருகினான். இருட்டுக்குள் விரலை விட்டுத் துழாவினான். வெறும் தகரம்.

டங்.

கை டப்பாவுக்குள்ளேயே நின்றது.

டங். டங்.

பக்கத்து அறை. இரும்பில் வெள்ளி. ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவள் விடும் அதே இடைவெளி.

'ரெண்டு நிமிஷம்' தொண்டைவரை வந்துவிட்டது. பழக்கம். விழுங்கினான். டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினான். நிலைப்படியில் கால் இடித்தது. ஓடினான்.

அறையில் யாரும் இல்லை. ஸ்பூன் கிடந்த இடத்திலேயே கிடந்தது. மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் வலை ஆடிக்கொண்டிருந்தது, அதற்குள்ளிருந்து ஒரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்.

கிராம்பு வாசனை.

அறை முழுக்கக் கிராம்பு.

வலையைப் பிய்த்துத் தள்ளினான். தோலின் உச்சியில் ஒரு வெடிப்பு, நகக்கண் நீளம். அதன் வழியாக அவள் போய்க்கொண்டிருந்தாள். விரலால் அழுத்தினான், வெடிப்பு விரலுக்கு இரண்டு பக்கமும் ஓடியது. தண்ணீர் இல்லை. தோல் இல்லை. சத்தம் மெலிந்தது. அன்றைக்கும் இப்படித்தான் மெலிந்திருக்கும். இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக, அவன் மூலை கட்டிக்கொண்டிருக்கும்போது.

குனிந்தான். வெடிப்பின்மேல் வாயை வைத்து மூடினான்.

சத்தம் நின்றது.

உதடுகளுக்குள் இளஞ்சூடாக ஒரு மூச்சு வந்து தொட்டது. சிரப் இனிப்பு. கிராம்பு. பதினைந்து நாளில் முதல்முறையாக அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வழிந்து, கன்னத்தில் இறங்கி, உதட்டோரம் தோலை நனைத்தது.

பக்கத்தில் இருக்கேன். பக்கத்துலதான் இருக்கேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கீழே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"மாமா! கெளம்பிட்டீங்களா?" செந்தமிழின் குரல், படிக்கட்டின் அடியிலிருந்து.

தலையைத் தூக்கினான். தோலும் கூடவே வந்தது.

இழுத்தான். வலித்தது. விரலை விட்டு உதட்டின் ஓரத்தைத் தேடினான். ஓரம் இல்லை. உதடு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. ஈரம் பட்டால் போதும். அவன்தான் பஸ்ஸில் அவளுக்குச் சொன்னான்.

அது இழுத்தது.

ஒரே இழுப்பு. அவன் விலாவெலும்பு உள்ளே ஒடுங்கியது. மூக்கால் மூச்சு வாங்கினான்; வாங்கியதும் போனது.

"மாமா? கதவத் தொறங்க மாமா."

தெருக்கோடியில் திடீரென்று ஒரு கூச்சல். கைதட்டல். "வந்துடுச்சு! கரண்ட் வந்துடுச்சுடோய்!" டியூப்லைட் இரண்டு தடவை சிமிட்டிவிட்டு எரிந்தது. ஸ்டூலில் நெபுலைசர் கர்ரென்று ஓடத் தொடங்கியது. தொங்கிக்கொண்டிருந்த மாஸ்க்கின் இரண்டு பக்கமும் காற்று வந்தது.

வெள்ளை வெளிச்சம் தோலை ஊடுருவியது. கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் எல்லாம் தெரிந்தது. நரம்பு நரம்பாக ஓடும் கோடுகள். இடது பக்கம், அவன் கட்டைவிரல் ரேகை. அடியில், மஞ்சள் பலூன்.

அது அசைந்தது.

சுருக்கம் ஒன்று விரிந்தது. நின்றது. அது இவனிடமிருந்து இழுத்தது. இன்னொரு சுருக்கம் விரிந்தது. நின்றது. இழுத்தது. முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. யாரோ உள்ளேயிருந்து ஊதினார்கள்.

மூன்று. எண்ணுவது அவன் வேலை. நான்கு. கைகள் கட்டில் கம்பியைத் தேடின. ஸ்பூன் தட்டுப்பட்டது. ஐந்து. தட்டினான். டங். டங்.

"ரெண்டு நிமிஷமா? சரி மாமா, மெதுவா வாங்க," என்றான் செந்தமிழ் கதவுக்கு அந்தப்பக்கம். "நான் கீழ்வீட்டு அக்காகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்." செருப்புச் சத்தம் படியிறங்கியது.

ஏழு. ஸ்பூன் விழுந்தது.

எட்டு.

ஒன்பதாவதுக்கு மஞ்சள் ரப்பர் தோல் முழுக்க நிறைந்து உள்பக்கத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில், அவன் வாய்க்கு நேர் எதிரே, இரண்டு உதடுகளின் அச்சு மெல்ல அழுந்தியது. பத்தாவதுக்காக மூச்சை இழுத்துக்கொண்டு திறந்தது.